சுனாமி நினைவு நாளும் எங்கள் பள்ளியும்: தப்பு செய்து கற்றுக்கொண்டவை

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம், சொன்னால் இதில் வருகிற பிள்ளைகளையும் அம்மாக்களையும் அந்தப் பக்கத்து ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளியில் ஒரு துயரத்தை நினைவுகூரும் பொறுப்பு உங்களில் யாருக்காவது வரலாம். அது சுனாமியாக இருந்தாலும் சரி, புயலோ விபத்தோ எதுவாக இருந்தாலும் சரி, நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன், எல்லோரையும் போல டிவியில்தான் பார்த்தேன். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர், அதில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் என்று பிறகு படித்தேன். 2016-இல் மாறுதல் கலந்தாய்வில் இந்தப் பள்ளி கிடைத்தபோது அந்த எண்ணிக்கை மட்டும்தான் எனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகுதான் இந்த ஊரில் காலத்தையே "சுனாமிக்கு முன்னாடி", "சுனாமிக்கு அப்புறம்" என்று பிரித்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. கல்யாணம், வீடு, படகு, கடன் எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முகவரியே "சுனாமி குடியிருப்பு". ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்தச் சொல் இருக்கிறது, ஆனால் வீட்டில் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியவர்கள் ரொம்பக் குறைவு.

இதைக் கவனித்தபோது எனக்கு ஒரு ஆவேசம் வந்தது. பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் வரலாறே தெரியவில்லையே, பள்ளி சொல்லாவிட்டால் யார் சொல்வது என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. அதை யாரிடமும் கேட்காமல் தொடங்கியதுதான் தப்பு.

2017 டிசம்பர். அரையாண்டுத் தேர்வு முடிகிற நாள், மறுநாளிலிருந்து விடுமுறை. டிசம்பர் 26 எப்போதும் அந்த விடுமுறையில்தான் வரும், அதனால் முன்கூட்டியே நடத்திவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். முந்தைய நாள் மாலை பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கென்று புரொஜெக்டரில் ஒரு வீடியோ போட்டேன், சின்னவர்கள் சிலரும் ஜன்னல் ஓரமாக வந்து நின்று பார்த்ததை நான் தடுக்கவில்லை. காலையில் பிரேயரில் மெழுகுவத்தி, இரண்டு நிமிட மௌனம், அப்புறம் ஊர் நினைவுத் தூணில் இருக்கும் பெயர்களை நான் எழுதி எடுத்து வந்து மைக்கில் வாசித்தேன். அந்த வருடம் ஒக்கி புயலில் கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் கடலிலிருந்து திரும்பாமல் போய் மூன்று வாரம்கூட முடிந்திருக்குமோ என்னவோ. இந்தக் கரையிலும் வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சுதான். அந்த நேரத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சி.

பட்டியலில் பாதி தாண்டியிருப்பேன். ஒரு பெயரைப் படித்ததும் ஆறாம் வகுப்பு வரிசையில் சலசலப்பு. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதே பெயர், அதே இனிஷியல். "ஏய், உன் பேரு" என்று ஒரு பையன் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் தலையைக் குனியவில்லை, அழவுமில்லை, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ தற்செயல் என்று நினைத்து மேலே படித்துக்கொண்டே போனேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது, நிறுத்தக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

மதியம் சத்துணவுக்கூடப் பக்கம் போனேன். சமையல் உதவியாளராக இருக்கும் அக்காதான் சொன்னார்கள். "அந்தப் புள்ளைக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்துச்சு டீச்சர். அலையில போயிடுச்சு. அந்தப் பேரைத்தான் இதுக்கும் வச்சிருக்காங்க." கொஞ்ச நேரம் கழித்து, அண்டாவைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "எம் பசங்க ரெண்டு பேர் பேரையும் படிச்சீங்க. இங்கிருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாக அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. மைக் வைப்பதற்கு முன் இருபதடி தூரத்தில் இருந்த அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டேன், ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. 26-ஆம் தேதி காலை பஸ் பிடித்து இங்கே வந்து, ஊரார் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தேன். அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை, படகுகள் எல்லாம் கரையில். ஊர்வலமாக நடந்து வந்தார்கள், பேச்சு இல்லை. கடலில் பாலை ஊற்றினார்கள், பூவைப் போட்டார்கள். தூணிடம் வந்ததும் யாரும் பெயர்களை வாசிக்கவில்லை. அவரவர் வீட்டுப் பெயரை விரலால் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் ஒரே பெயரை மூன்று நான்கு முறை தடவிக்கொண்டு நின்றார்கள். பிறகு அவரவர் வீட்டில் திதி, படையல். ஊர் பதின்மூன்று வருடமாகத் தன் துக்கத்துக்கு ஒரு முறையை உண்டாக்கி வைத்திருந்தது. நான் அதைப் பார்க்காமலேயே என் முறையைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் இறக்கியிருக்கிறேன்.

அன்று மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னதும் அவள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் அவர்கள். அலையில் பெண் குழந்தை போய்விட்டது. அப்படிக் குழந்தைகளை இழந்த தாய்மார்களுக்கு, கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு அப்போது ஏற்பாடு செய்தது, இந்தக் கரையில் நிறைய பேர் அதைச் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு 2006-இல் பிறந்தவள்தான் இவள். "அவ பேரை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுறேன் டீச்சர். ஒருத்திதான் வர்றா. ஆனா நான் ரெண்டு பேரையும்தான் கூப்பிடுறேன்" என்றார்கள். பிறகு, "இவகிட்ட அக்கா இருந்தான்னு சொல்லியிருக்கேன். பேரும் ஒண்ணுதான்னு இன்னும் சொல்லல. பெரிய மனுஷி ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர்கள் என்னைத் திட்டவில்லை. அவர்கள் சொல்ல நினைத்திருந்த நேரத்தை நான் பறித்துவிட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

பள்ளி திறந்த பிறகு இன்னொரு அம்மா வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன், ஜன்னல் வழியாக வீடியோ பார்த்தவர்களில் ஒருவன். விடுமுறை முழுவதும் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டுதான் தூங்கினானாம். "அடுத்தது எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்கள். நாங்கள் வீடியோவைக் காட்டிவிட்டுப் பத்து நாள் பள்ளியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம். அந்தக் கேள்வியோடு அவன் தனியாக இருந்திருக்கிறான்.

அந்த ஜனவரியிலிருந்து நாங்கள் மாற்றியவற்றைத்தான் இனி சொல்லப்போகிறேன். எல்லாம் ஒரே வருடத்தில் வந்தவை அல்ல.

முதலில் நாள். விடுமுறைக்கு முந்தைய நாள் வேண்டவே வேண்டாம். இப்போது டிசம்பர் முதல் வாரத்தில், தேர்வு தொடங்கும் முன், வாரத் தொடக்கத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்கிறோம். மழை விடுமுறை வந்து தள்ளிப்போனாலும் போகட்டும், அதன் பிறகு நான்கைந்து நாளாவது பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். யாருக்காவது உள்ளே எதாவது கிளறியிருந்தால் அந்த நாட்களில்தான் தெரியவரும். வயிற்று வலி என்பார்கள், சத்துணவைப் பாதியில் வைப்பார்கள், வழக்கத்துக்கு மாறாகக் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஒரு பிள்ளை இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் பெற்றோரிடம் பேசி மனநல ஆலோசனைக்கு வழி சொல்லுங்கள், 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 26-ஆம் தேதி ஊருடையது. அன்று பள்ளி சார்பில் ஒன்றும் நடத்துவதில்லை. போக முடிந்த ஆசிரியர்கள் போய்க் கடைசி வரிசையில் நடக்கிறோம்.

அடுத்தது, கேட்பது. நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறோம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு முறை, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு முறை. அது மட்டும் போதாது என்பது என் அனுபவம், கூட்டத்தில் ஆண்கள் "செய்யுங்க, நல்லதுதானே" என்று முடித்துவிடுவார்கள். பிள்ளைகளை இழந்த அம்மாக்கள் அங்கே வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களிடம் வீட்டு வாசலில், ஒருவரிடம் ஒருவராகத்தான் கேட்க வேண்டும், அதுவும் "நாங்க இப்படிச் செய்யப்போறோம், சரியா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். "செய்யலாமா, வேண்டாமா? செஞ்சா எது கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும். மைக் கூடாது என்று ஐந்து வீட்டில் சொன்னார்கள். மெழுகுவத்தி கூடாது என்று ஒருவர், அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் ராத்திரி முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளையைத் தேடியவர் அவர். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு நீள நோட்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள், வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும், இறந்துபோன ஒருவரைப் பற்றி ஒரு விஷயம் கேட்டு வந்து எழுதலாம். ஒரே நிபந்தனை, எப்படிச் செத்தார்கள் என்று எழுதக் கூடாது, எப்படி இருந்தார்கள் என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் இது சரியாக வருமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வந்ததைப் பாருங்கள்: "தாத்தா சைக்கிளில் வந்தால் முக்கு திரும்பும்போது மூன்று மணி அடிப்பார்." "சித்தி சீட்டு விளையாட்டில் ஏமாற்றும்." "பெரியப்பா மகன் ஒரு நாளும் வீட்டுப்பாடம் எழுதினதில்லை." பிள்ளைகள் சிரித்துக்கொண்டு எழுதினார்கள். வீட்டில் அதைக் கேட்டபோது பெரியவர்களும் சிரித்தார்களாம், பல வருடமாகப் பேசாத பெயர்களை அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்களாம். சில வீடுகளில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் வேறு ஏதாவது வரையலாம், அல்லது சும்மா இருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரும் கேட்கக் கூடாது.

அந்த நோட்டால்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. எங்கள் பள்ளிக்கு மீனவக் குடியிருப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள், கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கூலித் தொழிலாளர் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தத் தெருவிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்க தாத்தாவும் அன்னிக்குத்தான் செத்தாரு டீச்சர். மீன் தூக்க வந்தவரு. ஆனா கல்லுல அவர் பேரு இல்ல. நான் எழுதலாமா?" என்று கேட்டான். நிவாரணம் கொடுத்த காலத்திலேயே இந்தக் கரையில் பல இடங்களில் தலித் குடும்பங்கள் முகாமிலும் உதவியிலும் ஓரங்கட்டப்பட்டார்கள், அது அப்போதே எழுதப்பட்ட விஷயம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதன் மிச்சம் ஒரு பையனின் கேள்வியாக வந்து என் மேஜை முன்னால் நின்றது. "எழுதுடா, முதல் பக்கத்திலேயே எழுது" என்றேன். முதல் பக்கத்தில் எழுதினான். அதற்கு ஊருக்குள் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சத்துணவு அக்காதான் அவர்களிடம் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் சமயம் வந்து இறந்துபோன, பெயர் தெரியாமலே புதைக்கப்பட்ட வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு பக்கம் காலியாக விட வேண்டும் என்று சொன்னது எட்டாம் வகுப்புப் பெண்கள். அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புரட்டும்போது அந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் நிற்பார்கள்.

உங்கள் ஊரிலும் ஏதாவது நினைவுக்கல் இருந்தால், அதில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு முறை விசாரித்துவிட்டு அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி இரண்டையும் இந்த விஷயத்தில் அடியோடு எதிர்க்கிறேன். ஒரு முறை வேறொரு இடத்தில் நடந்த போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தேன். ஒரு சிறுமி, பிள்ளையை இழந்த தாய் புலம்புவது போல மனப்பாடம் செய்து, மார்பில் அடித்துக்கொண்டு நடித்தாள். கைதட்டல், முதல் பரிசு. என்னோடு வந்த பெண்களில் ஒருத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்றவர் அழுகைக்கு மதிப்பெண் போடுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம்.

போட்டோ விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதில்தான் எங்களுக்கு நிறையச் சிக்கல். எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட வேண்டும் என்று கேட்பார்கள். அழுகிற பிள்ளையின் முகம் அதில் போய்விட்டால் பிறகு எங்கெல்லாம் சுற்றும் என்று சொல்ல முடியாது. இப்போது பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு மூடிய நோட்டையும், மேஜை மேலிருக்கும் பூவையும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறோம். ஒரு தடவை "மாணவர்கள் எங்கே?" என்று கேட்டார்கள், தலைமையாசிரியர் "விளையாடிக்கிட்டு இருக்காங்க" என்று பதில் போட்டார். உண்மைதான், அன்றைக்குக் கடைசி இரண்டு பீரியடும் விளையாட்டுதான். அதை விடவே கூடாது, கனத்த மனதோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மௌன அஞ்சலிக்கு உட்காரவைப்பதில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்பது பெரிய தண்டனை, கால் மாற்றி மாற்றி நிற்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், நாம் முறைப்போம், அதற்குத் துக்கம் என்றாலே திட்டு என்று பதிந்துவிடும். அவர்கள் வேலியோரத்துப் புன்னைக்கும் பூவரசுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இந்த ஊர்ல இருந்து இப்ப இல்லாதவங்களை இன்னிக்கு நினைச்சுக்கறோம்" என்று மட்டும் சொல்கிறோம். மேலே கேட்கிற பிள்ளைக்குக் கேட்ட அளவுக்குப் பதில்.

துக்கத்தையும் பாதுகாப்புப் பாடத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நாங்கள் முதலில் அப்படித்தான் வைத்தோம், அஞ்சலி முடிந்த கையோடு "இப்போ அலை வந்தா எப்படி ஓடணும்?" என்றால் பிள்ளைகள் மிரளத்தானே செய்வார்கள். இப்போது பாதுகாப்புக்கு நவம்பர் 5. ஐ.நா. 2015-இல் அந்த நாளை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அன்று பாடம் முழுக்க அறிவும் தைரியமும்தான். சுமத்ரா பக்கத்தில் சிமெலூ என்று ஒரு தீவு, நில நடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது. அங்கே 1907-இல் ஒரு பேரலை வந்திருக்கிறது. நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு என்று அதற்குப் பிறகு பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். "ஸ்மோங்" என்பது அதற்கு அவர்கள் வைத்த சொல். 2004-இல் பல்லாயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஏழே பேர்தான் இறந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. தாய்லாந்தின் புக்கெட்டில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கடல் நுரைத்துப் பொங்குவதை அடையாளம் கண்டு கடற்கரையையே காலி செய்யவைத்தாள். இந்த இரண்டையும் சொல்லும்போது என் வகுப்பில் முதுகுகள் நிமிர்வதைப் பார்க்கிறேன்.

கணக்கும் போடவைப்பேன். நம் நேரப்படி நில நடுக்கம் காலை 6:29-க்கு. இந்தக் கரைக்கு அலை வந்தது ஏறக்குறைய 9 மணிக்கு. கழித்துப் பார்த்த ஒரு பையன் எழுந்து, "ரெண்டரை மணி நேரம் இருந்துச்சே டீச்சர், ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் மழுப்பவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடே இல்லை, ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது என்று சொன்னேன். 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் மறுபடி நில நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்து ஊரே மேட்டுக்குப் போனது, அலை வரவில்லை. அதைப் பெரிய பிள்ளைகளே கதையாகச் சொன்னார்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன்: கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், ஆனால் உள்வாங்கினால்தான் அலை வரும் என்று காத்திருக்கக் கூடாது, எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. அன்று பள்ளியிலிருந்து எந்த வழியாக எந்தக் கட்டடத்து மாடிக்குப் போவது என்று நடந்து பார்ப்போம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும். செருப்போடு தூங்கிய பையனுக்கு முதல் தடவை அப்படி நடந்து பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது என்று அவன் அம்மா சொன்னார்கள்.

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுத் தோப்பில் அப்பா நாற்பது வருடமாக வளர்த்த தென்னைகளில் நிற்கிறவற்றை விரல் விட்டு எண்ணலாம். பல நாள் போன் இல்லை, கரண்ட் இல்லை. நான் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, முதல் பீரியடில் யாரும் சத்தம் போடவில்லை. அக்காவின் பெயரைத் தாங்கிய அந்தப் பெண், அப்போது ஏழாம் வகுப்பு, எழுந்து, "டீச்சர், வீட்ல எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். நல்லா இருக்காங்களா என்று கேட்கவில்லை, இருக்காங்களா என்றுதான் கேட்டாள். இருக்காங்க என்றதும் உட்கார்ந்துகொண்டாள். மதியம் சத்துணவு அக்கா ஒரு பையைக் கொடுத்தார்கள், ஊரில் பத்து வீட்டில் வாங்கிய அரிசியும் கருவாடும். "எங்களுக்கு அன்னிக்கு உள்ளே தள்ளியிருக்கற ஊர்க்காரங்கதான் சோறு கொண்டாந்தாங்க" என்றார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து 2004-இல் வண்டி கட்டிச் சோற்றுப் பொட்டலம் போனது எனக்கு ஞாபகம் இருந்தது, என் அம்மாவும் பொட்டலம் கட்டினவர். நான் அதைச் சொல்லவில்லை, பையை வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் அஞ்சலி நாள் தனியாக நடத்தவில்லை. பிள்ளைகள் தங்களிடம் மிச்சமிருந்த நோட்டு, பென்சில், ஸ்வெட்டர் எல்லாம் கட்டி, கூரை போன ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். கூடவே கடிதமும் வைத்தார்கள், "எங்க ஊர்லயும் இப்படி ஆச்சு. அப்புறம் சரியாச்சு. ஆனா ரொம்ப நாள் ஆச்சு" என்று ஒன்றில் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் அவள் அம்மா அடுத்த வருடம்தான் முழுவதும் சொன்னார்கள். எட்டாம் வகுப்பு டிசம்பரில் அவளாகவே நோட்டைக் கேட்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரையே எழுதி, பக்கத்தில் "அக்கா" என்று போட்டாள். கீழே ஒரே வரி: "அக்காவுக்குப் பால் ஏடு பிடிக்காது. எனக்கும் பிடிக்காது."

இந்த வருடத்துக்கான பேச்சைப் போன வாரம் சத்துணவுக்கூட வாசலில் தொடங்கினோம். வழக்கம்போல அக்காவிடம்தான் முதலில், "என்ன செய்யலாம், எது வேண்டாம்?" என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சாவதுல புதுசா சேர்ந்திருக்கானே, அவன் அப்பா போன மாசிலதான் கடல்ல தவறிட்டாரு. அவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றார்கள். கேட்கவில்லை. மதிய மணி அடித்ததும் அவனைத் தட்டோடு பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மாதிரி ஒரு நாள் வருகிறது, நீ வகுப்பில் இருக்கலாம், எழுதலாம், விளையாடப் போகலாம், அன்றைக்கு லீவுகூடப் போடலாம், உனக்கு எப்படி வேண்டுமோ அப்படி என்று சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நான் ஆயாகூட இங்க இருக்கேன் டீச்சர், கீரை ஆயறதுக்கு" என்றான். சரி என்றேன்.